பேஸ்மென்ட் யாருக்கு?

ரொறன்ரோ மாநகரில் ஒருவர் தாம் நிரந்தரமாக வசிக்கும் வீட்டை மட்டுமே குறுங்கால வாடகைக்கு விடமுடியும். முழு வீட்டையும் விடுவதாயின் ஆண்டுக்கு 180 இரவுகளே எல்லை. மாநகர சபையில் பதிவு செய்து இலக்கம் பெறவேண்டும். தொடர்ச்சியாக 28 நாட்களுக்குக் குறைந்த தங்கல் யாவும் இவ்விதிக்குள் அடங்கும்.

எம்மவர்களுள் பலருக்குக் கசப்பது இவையல்ல. தனிச் சமையலறையும் குளியலறையும் கொண்ட தனிக் குடியிருப்பாக பேஸ்மென்ட் அமைந்திருப்பின், மேலே வசிக்கும் உரிமையாளர் அதனை எயார்பிஎன்பியில் விடமுடியாது. அங்கு குடியிருப்பவருக்கே அவ்வுரிமை உண்டு. "என் வீடு, என் மோட்கேஜ், என் வரி, இதில் சபைக்கு என்ன வேலை?" என்பதே ஸ்காபரோ வீட்டுக்காரர்களின் கேள்வி. வட்டி ஏறிய 2022க்குப் பின்னர் அக்கேள்வியின் சூடும் ஏறியது. வாடகை கொடாத குடியிருப்பாளரை எழுப்ப மாதக்கணக்கில் நடுவர்மன்றத்தின் முன் காத்துக்கிடக்கவேண்டும் என்ற அவர்களது முறைப்பாட்டிலும் உண்மை இல்லாமலில்லை.

ஆயினும் நான் சபையின் பக்கமே நிற்கிறேன்.

1983க்குப் பின்னர் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த எம்மவர்கள் எங்கே தங்கினர்? முதலில் வெல்லெஸ்லி, பார்லிமென்ட் வீதிகளை அண்டிய உயர்மாடிகளில். பின்னர் ஸ்காபரோவின் பேஸ்மென்ட்களில். கடன் வரலாறோ, உள்ளூர்ப் பிணையாளரோ இல்லாத அகதிக்குக் கதவைத் திறந்தது எந்த அரசாங்கத்தின் வீடமைப்புத் திட்டமும் அல்ல. முன்னரே வந்த ஒருவரின் நிலக்கீழ் அறைதான். குளிரும் ஈரமும் நிறைந்த அறைதான். எனினும் மாத வாடகைக்குக் கிடைத்தது. இன்று அதே அறை இரவுக் கணக்கில் உல்லாசப் பயணிக்குப் போகுமானால், நேற்று வந்திறங்கிய மாணவனும் முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்யும் பெண்ணும் எங்கே போவது?

2017 இறுதியில் சபை ஏற்ற இவ்விதிகள் உடனே நடைமுறைக்கு வரவில்லை. வீடு வைத்து வணிகம் செய்வோர் மேன்முறையீடு செய்தனர். 2019 நவம்பரிலேயே மாகாண நடுவர்மன்றம் சபைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பதிவு தொடங்கியது 2020 செப்டெம்பரில். இடைப்பட்ட காலத்தில் ஆளற்ற 'பேய் விடுதிகள்' நகர் மையத்துத் தொடர்மாடிகளில் தங்குதடையின்றி நடந்தன.

பாதுகாப்பும் இதில் உண்டு. 2023 மார்ச்சில் பழைய மொன்றியலில் ஒரு கட்டடம் எரிந்து எழுவர் மாண்டனர். குறுங்கால வாடகைக்கு அனுமதியற்ற இடம் அது. அதற்குள் எயார்பிஎன்பி விருந்தினர் தங்கியிருந்தனர். அதன் பின்னரே கியூபெக் சட்டத்தை இறுக்கியது. ஏழு உயிர்கள் போகவேண்டியிருந்தது.

ஆனால் இவ்விதியால் மட்டும் வாடகை இறங்கிவிடும் என்று சொல்வோரை நான் நம்பவில்லை. பூட்டிய வீட்டைத் திறக்க வைக்கலாம். அதன் வாடகையைத் தீர்மானிக்கும் அதிகாரம் சபையிடம் இல்லை, ஒன்ராறியோ மாகாணத்திடமே உள்ளது. டக் போர்ட் அரசாங்கம் 2018 நவம்பர் 15க்குப் பின்னர் முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளை வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது. அத்தகைய வீட்டில் இருப்பவரின் வாடகையை உரிமையாளர் ஆண்டுக்கொருமுறை விரும்பிய அளவுக்கு உயர்த்தலாம். பொறுப்பு கீழே, அதிகாரம் மேலே! மாகாண சபைகளைப் பார்த்துச் சலித்த இலங்கையருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சபை தன் கையிலுள்ளதையாவது செய்கிறதா? 2023 மே மாதம் நகரெங்கும் ஒரு காணியில் நான்கு குடியிருப்புகள் வரை அனுமதித்தது நல்ல முடிவு. 2025 ஜூனில் ஆறாக உயர்த்தியபோதோ ஒன்பது தொகுதிகளுக்கு மட்டுமே இடங்கொடுத்துப் பின்வாங்கியது. ஸ்காபரோவின் ஆறு தொகுதிகளில் உள்ளடங்கியது ஒன்றே ஒன்று, ஸ்காபரோ வடக்கு. ஏனைய ஐந்தும் விலகி நிற்கக் காரணம், வாகனத் தரிப்பிடம் பற்றியும் அயலின் 'தன்மை' பற்றியும் எழுந்த முணுமுணுப்பே. அவ்வயலில் தமிழ் வீட்டுக்காரர் கணிசம். பேஸ்மென்ட்டில் வாழ்வைத் தொடங்கியவர்கள், பக்கத்துக் காணியில் ஆறு குடும்பங்கள் வருவதை ஏன் எதிர்க்கவேண்டும் என்று தம் தொகுதி உறுப்பினரிடமல்ல, முதலில் தம் வீட்டு மேசையில் பேசிக்கொள்ளட்டும். அடுத்த மாநகரத் தேர்தல் 2026 ஒக்டோபரில்.