குகையைத் தகர்த்துவிட்டு வருத்தமாம்!

சுரங்க முதலாளிகள் இப்பொழுதெல்லாம் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். உள்ளூர் மக்களோடு உறவு, மரியாதை, கூட்டுறவு என்று அறிக்கைமேல் அறிக்கை விடுகிறார்கள். இந்தப் பேச்சின் யோக்கியதை என்ன? ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா பிரதேசம். அங்கே ஜூக்கான் பள்ளத்தாக்கில் இருந்த பாறைக் குகைகளில் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் புழங்கியதற்குத் தடயம் உண்டு. மனிதத் தலைமுடியால் பின்னிய 4,000 ஆண்டுப் பழமையான கயிறும் கிடைத்தது. அந்த முடி, அங்கு இன்றும் வாழும் ஆதிகுடி மக்களின் முன்னோருடையது என்று சோதனை காட்டிற்று. 2020 மே 24ந் தேதி ரியோ டிண்டோ கம்பெனி இந்தக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. எல்லாம் இரும்புக் கனிக்காக! மந்திரியின் அனுமதி 2013லேயே கம்பெனியின் கையில் இருந்தது. வெடியை நிறுத்துங்கள் என்று அம்மக்கள் கேட்டது வீணாயிற்று.

ஒரு வாரத்தில் மன்னிப்பு வந்தது. எதற்கு மன்னிப்பு? மக்களுக்கு ஏற்பட்ட மனவேதனைக்காம்! தகர்த்த செயலுக்கு நாம் மன்னிப்புக் கேட்கவில்லை என்று இரும்புப் பிரிவின் தலைவர் தமது சிப்பந்திகளிடம் விளக்கிய பேச்சு பின்னர் பத்திரிகைகளில் அம்பலமாயிற்று. ஊருக்கு ஒரு பேச்சு, உள்ளே ஒரு பேச்சு!

இதைவிடப் பெரிய உண்மை பார்லிமெண்டு கமிட்டியின் விசாரணையில் வெளிவந்தது. கம்பெனியிடம் நான்கு திட்டங்கள் இருந்தன. மூன்று திட்டங்களில் குகைகளுக்குச் சேதமில்லை. நான்காவதில் கூடுதலாக 80 லட்சம் டன் கனி கிடைக்கும். மதிப்பு சுமார் 13 கோடியே 50 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். நான்காவதையே தேர்ந்தெடுத்தார்கள். மற்ற மூன்றைப் பற்றி மண்ணுக்குரிய மக்களிடம் மூச்சு விடவில்லை.

ஆகஸ்டில் அதிகாரிகளின் போனசைக் குறைத்து விஷயத்தை முடிக்கப் பார்த்தது கம்பெனி. மக்கள் விடவில்லை, தொழிலாளரின் ஓய்வுக்காலச் சேமிப்பை நிர்வகிக்கும் நிதிகளும் இது போதாது என்றன. செப்டம்பர் 11ந் தேதி, தலைமை நிர்வாகி உள்பட மூவர் விலகுவார்கள் என்று அறிவிக்க நேர்ந்தது. அவர்களில் ஒருவர் கம்பெனியின் வெளியுறவுகளைக் கவனிக்கும் அதிகாரி! மக்களோடு பேசுவதற்கென்றே ஒரு பதவி இருந்தும் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை.

தோழர்களே, முதலாளி என்ன பேசினான் என்பது பெரிதல்ல. எப்பொழுது சொன்னான், எதை மறைத்தான் என்பதே கேள்வி. வெடி வைக்கும் முன்பே எல்லாத் திட்டங்களும் மக்கள் முன் வரவேண்டும். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கவேண்டும். அந்த உரிமை இல்லாத இடத்தில் மன்னிப்பு வெறும் காகிதமே!