ராஜினாமாக் கடிதத்துக்கு முன் ஒரு கணக்கு

எங்கள் ராத்தா ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்தார். மாலையில் வீடு வந்ததும் அபாயா தைத்து விற்பார். வேலைக்குச் சேர்ந்து 4 வருடமும் 8 மாதமும் ஆகியிருந்தபோது, ஒருநாள் மேலதிகாரி ஏசியதில் மனம் நொந்து, "நாளைக்கே வேலைய உடப்போறேன். இனித் தையல்தான்" என்றார்.

உம்மா தடுக்கவில்லை. "உடுங்க மகள். ஆனா கோவத்துல உட வாணாம், கணக்குப் பாத்து உடுங்க" என்றார். அன்றிரவே ராத்தா கொப்பியை விரித்தார்.

15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் 5 வருட சேவையை முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. நான்கு மாதம் பொறுத்தால் ராத்தாவுக்கு இரண்டரை மாதச் சம்பளம் கிடைக்கும். மாதாமாதம் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 சதவீதமும், நம்பிக்கை நிதியத்துக்குச் செலுத்தும் 3 சதவீதமும் வேலையோடு நின்றுவிடும். மறுபக்கத்தில், துணி, நூல், மின்சாரச் செலவு போக மிஞ்சுவதை மட்டுமே தையல் வருமானமாக எழுதினார்.

அந்த நான்கு மாதத்தில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்தார். நேரமில்லாமல் திருப்பியனுப்பிய ஓடர்களையும் குறித்து வந்தார். பெருநாள் மாதத்தில் எவருக்கும் ஓடர் குவியும். அதை நம்பி முடிவெடுக்க முடியாது. பெருநாள் இல்லாத மாதங்களிலும் ஓடர்கள் திரும்பிப் போயின. அதன் பிறகுதான் கடிதம் கொடுத்தார். பணிக்கொடைப் பணத்தில் ஓவர்லொக் மெஷின் வந்தது.

வேலை பிடிக்காமல் போவது அதை விடுவதற்குப் போதுமான காரணமல்ல. கையிலிருக்கும் தொழில் வளர அந்த வேலை தடையாக நிற்கும்போதே விட வேண்டும் என்பது எனது கருத்து. காத்திருந்தால் துணிவு போய்விடும் என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆகவே காத்திருப்புக்கு ஒரு திகதி குறித்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகன் தொழில் தொடங்கப்போவதாகச் சொன்னால் முதல் எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். மகள் சொன்னால், "கலியாணம் வரைக்கும்தானே" என்கிறீர்கள். எங்களிடமும் கணக்கையே கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் கொப்பியோடு வருவோம்.