மறைப்பதால் யாருக்கு லாபம்?

கணக்கு என்றாலே எங்களில் பாதிப் பேருக்குக் கை நடுங்கும். ஆனால் இவ்வாண்டு எங்களை நடுங்க வைத்தது அல்ஜீப்ரா அன்று. வகுப்புத் தோழி ஒருத்தியின் மின்னஞ்சல் கணக்கு.

அவள் வீடு சிந்துபூந்துறையில் இருக்கிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது பீரோவின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றதாம். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, அப்பாவின் ஐ.டி.ஐ. சான்றிதழ் எல்லாம் சேறாகிவிட்டன. அலைந்து திரிந்து நகல் வாங்கிய அவள் அம்மா, இனித் தண்ணீர் எட்டாத இடம் வேண்டுமென்று, அத்தனையையும் ஸ்கேன் செய்து மகளின் ஜிமெயிலில் சேர்த்துவைத்தார். ஆகவே அது வெறும் கடிதப் பெட்டி அன்று. அந்த வீட்டின் இரும்புப் பெட்டி.

'மாணவியருக்கு உதவித்தொகை' என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்தது. தொட்டதும் கூகுளின் நுழைவுப் பக்கம் போலவே ஒரு போலிப் பக்கம். தோழி தன் கடவுச்சொல்லைத் தானே தட்டிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் கணக்கு திறக்கவில்லை.

இனிமேல்தான் எங்கள் குற்றம் வருகிறது. அவள் அழுதுகொண்டே எங்களிடம் சொன்னாள். நாங்களோ, "வீட்டில் மூச்சு விடாதே, போனைப் பிடுங்கிவிடுவார்கள்" என்று புத்தி சொன்னோம்! ஐந்து நாட்கள் மதிய உணவு வேளையில் கூடிக் கூடிப் பேசினோமே தவிர, உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. ஆறாம் நாள் தூத்துக்குடியிலிருந்து அவள் சித்தி போன் செய்தார். "ஏட்டி, அவசரமா எட்டாயிரம் ரூவா அனுப்பச் சொல்லி மெயில் போட்டிருக்கியே, உங்கம்மைக்கு என்ன செய்யுது?"

நல்லவேளை, பணத்தை அனுப்பும் முன் கேட்டுவிட்டார். அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டியிருந்திருக்கும். சைபர் மோசடியில் பணம் இழந்தோருக்காக நாடு முழுமைக்கும் உள்ள எண் அது.

அவள் அம்மா அடிக்கவில்லை. "மொத நாளே சொல்லியிருக்கலாம்லா" என்றார். அவ்வளவுதான். அன்று மாலையே, அவள் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே போனில், கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தைத் திறந்தார்கள். திருடன் மீட்புக்கான தொலைபேசி எண்ணை மாற்றித் தன் எண்ணைப் போட்டிருந்தான். ஆனால் அப்படி மாற்றினாலும் 7 நாட்கள் வரை பழைய எண்ணுக்குச் சரிபார்ப்புக் குறியீடு பெறக் கூகுள் இடம் தருகிறது. அம்மாவின் போனுக்குக் குறியீடு வந்தது, கணக்கும் திரும்பியது. இன்னும் இரண்டு நாள் எங்கள் புத்தியைக் கேட்டிருந்தால் அந்தக் கதவும் சாத்தப்பட்டிருக்கும்.

அதனால்தான் பெற்றோரிடம் துணிந்து கேட்கிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம். போனைப் பிடுங்குவது தண்டனையாகத் தோன்றலாம். ஆனால் அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொள்வது கவனம் அன்று. அடுத்த முறை வாயைத் திறக்கக் கூடாது என்பதைத்தான். நாங்கள் பயந்து மறைக்கும் ஒவ்வொரு நாளும் திருடனுக்குக் கிடைத்த விடுமுறை நாள். பிறர் கடவுச்சொல்லைத் திருடிப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு 3 ஆண்டு வரை சிறை என்கிறது. ஏமாந்தவளுக்குச் சட்டத்தில் தண்டனை ஏதும் இல்லை. வீட்டில் மட்டும் ஏன்?

கணக்கு கிடைத்ததும் கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்று நினைத்தோம். கணினி ஆசிரியைதான் சிரித்தார். அமைப்புகளைத் திறந்து பார்த்தால், வரும் கடிதமெல்லாம் அறியாத ஒரு முகவரிக்கும் போகும்படி அவன் ஏற்பாடு செய்திருந்தான்! பூட்டை மாற்றிவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்த கதைதான். அதை நீக்கி, தெரியாத கருவிகளையும் வெளியேற்றினாள். அவன் அழித்த கடிதங்கள் குப்பைத்தொட்டியில் அப்படியே கிடந்தன. அங்கே 30 நாட்கள் இருக்குமாம்.

பாதுகாப்புக் கேள்விகளை நம்பியும் பயனில்லை. 2008இல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ அஞ்சலைத் திறந்தவன் ஒரு கல்லூரி மாணவன். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரைச் சந்தித்த இடம் என்று ஊரறிந்த விடைகளே அவனுக்குப் போதுமாயிருந்தன. பாளையங்கோட்டையில் ஒரு தெருவுக்குத் தெரியாத பிறந்தநாளும் உண்டா?

பிறகு நாங்கள் எல்லோரும் எங்கள் கணக்குகளில் மீட்பு எண்ணைப் பார்த்தோம். நால்வருடையது, வீட்டில் எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்ட எண். நிறுத்தப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறு யாருக்கேனும் கொடுத்துவிடலாம் என்று அப்போதுதான் அறிந்தோம். அன்றே மாற்றினோம், இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டோம்.

போன் தொலைந்தால் உதவுவதற்கென்று கூகுள் 10 குறியீடுகள் தருகிறது. எங்கள் தோழியின் அம்மா அவற்றைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருக்கிறார். அந்த உறை இப்போது பீரோவில் இல்லை; வெள்ளத்தின் கோடு சுவரில் படிந்த இடத்துக்கும் மேலே, பரணில் இருக்கிறது.