விற்கப்போகும் வீட்டில் மாடி எழுப்பலாமா?

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாருக்குச் சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்ற பேராவல். கையிலோ பொருள் இல்லை. மனத்திலேயே பொருள் சேர்த்தார், தச்சரை அழைத்தார், நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார், விமானமும் மதிலும் எழுப்பினார், கிணறும் குளமும் அமைத்தார். குடமுழுக்குக்கு அவர் குறித்த அதே நாளையே காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர்கோனும் குறித்திருந்தான். இறைவன் அரசனின் கனவில் தோன்றி, அவனுடைய நாளை மாற்றிக்கொள்ளப் பணித்தான் என்கிறது பெரியபுராணம்.

பக்தியின் உயர்வைச் சொல்லும் இந்த வரலாற்றில் இல்லறத்தார்க்கும் ஒரு குறிப்பு உண்டு. செங்கல்லைத் தொடும் முன்பே, கட்டடம் முழுவதையும் மனத்தில் கட்டிப் பார்த்துவிடலாம். அதற்குச் செலவு ஏதும் இல்லை. முதிய வயதில் வீட்டை விற்க முடிவு செய்து, அதற்கு முன் ஓர் அறையோ மாடியோ சேர்த்தால் நல்ல விலை வருமே என்று எண்ணுவோர் முதலில் செய்ய வேண்டியது இந்த மனக்கட்டடத்தைத்தான்.

கும்பகோணத்தில் வாழும் ஒரு தம்பதியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய ஓட்டு வீடு, பின்னர் தளம் போடப்பட்டது. கீழே இரண்டு அறைகள், கூடம், பூஜை அறை, கொல்லையில் கிணறு. மகள் திருவரங்கத்தில் இருக்கிறாள். அவள் வீட்டருகே கீழ்த்தளத்தில் சிறிய அடுக்ககம் ஒன்று வாங்கிக் குடியேறிவிட்டால், அரங்கனைச் சேவித்துக்கொண்டு எஞ்சிய நாள்களைக் கழிக்கலாம் என்பது இருவரின் எண்ணம். வீட்டைப் பார்த்த தரகர், “இப்படியே விற்றால் 75 லட்சம் போகும். மாடியில் ஓர் அறையும் குளியலறையும் எழுப்பினால் 87 லட்சம் கேட்கலாம்” என்கிறார். 12 லட்சம் கூடுதல் என்ற சொல் மனத்தில் தங்கிவிடுகிறது.

மனைவியின் தம்பி பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். ஒரு மாலை வேளையில் அவர் தாளும் பேனாவுமாக அமர்கிறார். “அத்தான், கட்டுவதைப் பிறகு பார்ப்போம். இந்த வீட்டை வாங்கப்போகிறவர் யார், அதைச் சொல்லுங்கள்” என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வியில்தான் பாதி விடை இருக்கிறது. பழைய வீட்டை வாங்க வருவோர் இருவகையினர். ஒருவர் மனைக்காக வருபவர். வாங்கிய மறுமாதமே இடித்துவிட்டு அடுக்ககம் கட்டுவார். சென்னை மயிலாப்பூர், மாம்பலம் போன்ற பகுதிகளில் தனிவீடுகள் பலவும் இவ்வாறே மறைந்தன. அவருக்கு மாடி அறை இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. இடிக்கும் கூலிதான் கூடும். மற்றவர் குடியிருக்க வருபவர். அவர் பார்ப்பது கழிவறையோடு கூடிய படுக்கையறை, கார் நிறுத்த இடம், தண்ணீர், ஒழுகாத தளம் ஆகியவற்றை. முழங்கால் வலியுள்ள பெற்றோரை உடன் வைத்திருப்பவருக்கு மாடியில் உள்ள அறை எவ்வளவு பயன்படும்?

அடுத்தது கணக்கு. மாடியில் 600 சதுர அடி. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று மேஸ்திரி சொன்னால் 15 லட்சம். அனுமதிக் கட்டணம், வரைபடம், மின் இணைப்பு, கீழ்த்தளத்தில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்தல் என்று இன்னும் ஒன்றரை லட்சம். இந்தப் பணம் எங்கிருந்து வரும்? அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டு வைத்த தொகையிலிருந்து. 8.2 சதவீத வட்டியில் 15 லட்சம் ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் தந்துகொண்டிருக்கிறது. மருந்துக்கும் மளிகைக்கும் அதுவே ஆதாரம். வேலை முடிந்து வீடு விற்பனையாக ஓராண்டு ஆனால் இழக்கும் வட்டி 1,23,000. கணக்குத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கடந்த பின் முதிர்வுக்கு முன் மூடினால் ஒரு சதவீதம், அதாவது 15,000 ரூபாய் பிடித்தம். ஆகமொத்தம் 17,88,000 ரூபாய். வரவு 12 லட்சம். இழப்பு 5,88,000 ரூபாய்.

ஆசிரியர் தாளை மறுபடியும் கூட்டிப் பார்க்கிறார். கூட்டல் சரியாகவே இருக்கிறது. வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையில் உள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கார் என்று திருக்குறளின் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரம் அறிவுறுத்துவதை வகுப்பில் எத்தனையோ முறை அவரே விளக்கியிருக்கிறார்.

கணக்கில் அடங்காத இடர்களும் உண்டு. ஒரு தளத்துக்காகப் போட்ட பழைய அடித்தளம் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஆராய்ந்து சொல்ல வேண்டும். மாநகராட்சியின் அனுமதி பெறாமல் எழுப்பிய பகுதியை, வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி பொதுவாக மதிப்பில் சேர்ப்பதில்லை. சில வேளைகளில் கடனே தடைபடும். ஆடியிலும் மார்கழியிலும் வேலை தொடங்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் காவிரிக் கரையில் அடைமழை. எழுபது வயதில் சிமெண்டுத் தூசியிலும் இரைச்சலிலும் மாதக்கணக்கில் இருப்பது உடலுக்கு ஆகுமா என்பதையும் எண்ண வேண்டும்.

அப்படியானால் எந்த நிலையிலும் கட்டக்கூடாதா? அப்படியில்லை. வீட்டுக்குள் கழிவறையே இல்லாத பழைய வீட்டில் ஒன்றைக் கட்டினால், வாங்க வருவோர் தொகை பெருகும். பாதியில் நின்ற கட்டுமானத்தை முடிப்பதும் பெரும்பாலும் பயன் தரும். இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் அங்கேயே வாழப்போவது உறுதி என்றால், அந்த அறையின் பயனை முதலில் துய்ப்பவர் வீட்டுக்காரரே. விலை அதன் பிறகுதான். கட்டுவோர் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். வீட்டை விற்றுக் கிடைக்கும் மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது, மேம்பாட்டுச் செலவைக் கழித்துக்கொள்ள அவை உதவும். விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் வேறொரு வீடு வாங்கினால் வரிவிலக்குக்கும் வழி உண்டு; விவரத்தைத் தணிக்கையாளரிடம் முன்பே கேட்டறிவது நலம்.

பெரும் செலவில்லாமல் விலையைக் காக்கும் வேலைகள் சில இருக்கின்றன. தளத்தின் ஒழுகலை நிறுத்துவது, பழைய மின்கம்பிகளை மாற்றுவது, கழிவறையில் பிடிமானக் கம்பியும் வழுக்காத தரையும் போடுவது, வெள்ளையடிப்பது ஆகியவை அவை. இவற்றினும் முதன்மையானவை தாள்கள். பட்டா இன்னும் மறைந்த தந்தையின் பெயரிலேயே இருந்தால், மாடி எழுப்புவதைவிடப் பட்டாவை மாற்றுவதே விலையைக் கூட்டும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, உடன்பிறந்தோரின் சம்மதம் ஆகியவை சரியாக இருந்தால் வாங்குபவர் தயங்கமாட்டார். விரிசலைச் சாயத்தால் மறைத்து விற்பது மட்டும் வேண்டாம். அந்தச் சுவருக்குள் நாளை இன்னொரு குடும்பம் விளக்கேற்றப்போகிறது.

கணக்கு முடிந்த பின்னும் ஆசிரியரின் மனைவி ஒன்றும் பேசாமல் இருக்கிறார். தம்பி காரணம் கேட்கிறார். “மாடி கட்டினால் இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கலாமே என்றுதான் நினைத்தேன்” என்கிறார் அவர்.

பல வீடுகளில் இறுதி நேரத்தில் எழும் கட்டட ஆசைக்குப் பின்னால் இதுவே இருக்கிறது. பிள்ளைகள் தவழ்ந்த கூடத்தையும், மாமியார் கோலமிட்ட வாசலையும் விட்டுப் போக மனம் ஒப்புவதில்லை. அது குற்றமும் அன்று. ஆனால் அந்த ஏக்கத்துக்கு மருந்து 15 லட்சம் ரூபாய்ச் சுவர் அன்று. “அக்கா, ஒரு வருடம் இருக்க வேண்டுமானால் இருந்துவிட்டுப் போங்கள். அதற்கு எதையும் கட்ட வேண்டாம்” என்கிறார் தம்பி.

ஒழுகும் தளத்தைச் சரிசெய்வது, பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிப்பது, தை பிறந்த பின் விலை பேசுவது என்று மூவரும் முடிவு செய்கிறார்கள். அஞ்சலகக் கணக்குப் புத்தகம் மீண்டும் பெட்டிக்குள் செல்கிறது. இத்தகைய முடிவை எதிர்நோக்கும் பெரியோர் மேஸ்திரியை அழைக்கும் முன் ஒரு தாளை எடுத்து, வாங்குபவர் யார், ஆகும் செலவு என்ன, கூடும் விலை என்ன, மருந்துக்கும் மளிகைக்கும் எஞ்சுவது என்ன என்று எழுதிப் பார்ப்பது நல்லது. நான்காவது வரிக்கு நிறைவான விடை கிடைக்காதபோது, மற்ற மூன்றும் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் கட்டாமல் இருப்பதே விவேகம்.