வேலை பறிபோன மறுநாளும் மட்டாஞ்சேரியும்

வேலை இழந்தோருக்கு முதல் வாரத்தில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. விடியலில் எழ வேண்டும், உடற்பயிற்சியைக் கைவிடலாகாது, இழப்பை வாய்ப்பாகக் கருத வேண்டும். இவற்றுள் தனித்தனியே தீங்கானது எதுவுமில்லை. ஆயினும் வேலையிழப்பு என்பது இழந்தவரின் மனத்துக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கல் என்ற பொய்யை இவை அனைத்தும் அடித்தளமாகக் கொண்டுள்ளன. அப்பொய்யைக் கொச்சியின் மட்டாஞ்சேரி எழுபது ஆண்டுகளுக்கு முன்பே உடைத்தெறிந்தது.

அங்கே துறைமுகத் தொழிலாளி நாள்தோறும் வேலை இழந்தான். 'சாப்பா' எனப்பட்ட உலோக வில்லை கைக்கு வந்தால் மட்டுமே அன்றைய வேலையும் கூலியும் உண்டு. தோட்டத்துக் கங்காணியை ஒத்த மூப்பன், திரண்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே வில்லைகளை வீசுவான். பசித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்குவார்கள். இராஜீவ் ரவியின் 'துறமுகம்' (2023) திரைப்படத்தைப் பார்த்தோர் அக்காட்சியை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

அக்கூட்டத்தில் நின்றவனுக்கு இன்றைய ஊக்கவுரையாளர் என்ன சொல்லியிருப்பார்? உடலை உறுதியாக வைத்துக்கொள், இன்னும் விரைவாகப் பாய், நாளை உன் நாள் என்றுதான் சொல்லியிருப்பார். ஒருவன் நன்றாகப் பாய்ந்தால் இன்னொருவன் வெறுங்கையுடன் வீடு திரும்புவான். வீசப்படும் வில்லைகளின் எண்ணிக்கை அதனால் ஒன்றுகூடக் கூடாது. தனி மனிதத் தேற்றல் அனைத்தின் எல்லையும் இதுவே.

மட்டாஞ்சேரித் தொழிலாளர் பாய்வதில் தேர்ச்சி பெற முயலவில்லை. வீசும் முறையையே ஒழிக்கக் கோரினர். 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி இருவரும் குண்டுக்கு இரையாயினர்; அந்தோணி காவலர் தாக்குதலால் உயிரிழந்தார். அவர்கள் கேட்டது நாட்டின் சட்டப் புத்தகத்தில் அப்போதே இருந்தது என்பதே கொடுமை. துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948லேயே இயற்றப்பட்டிருந்தது. தொழிலாளரைப் பதிவு செய்யவும், வேலை கிடைக்காத காலத்துக்கும் குறைந்தபட்ச ஊதியத்தை உறுதிசெய்யவும் அது இடமளித்தது. கொச்சிக்கான திட்டம் 1959இல்தான் வந்தது. சட்டத்துக்கும் திட்டத்துக்கும் இடைப்பட்ட பதினோர் ஆண்டுகளில் மூன்று உயிர்கள் போயின.

மனத்துயர் பொய்யா என்று ஒரு வினா எழலாம். பொய்யன்று. வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியென்தால் சிற்றூரில் நூற்பாலை மூடப்பட்டபின் மாரி யஹோதாவும் உடனாய்வாளரும் நடத்திய ஆய்வு 1933இல் வெளிவந்தது. வேலையற்ற ஆண்களின் நடை தளர்ந்திருந்ததையும், நேரம் மிகுதியாக இருந்தும் அவர்கள் நூலகத்திலிருந்து எடுத்த நூல்கள் குறைந்திருந்ததையும் அவர்கள் பதிவு செய்தனர். ஓர் ஊரே ஒருசேரத் தளரும்போது அதைத் தனி மனிதனின் ஊக்கக் குறைவு என்பது அறியாமை. அறிந்தே சொன்னால் அது வஞ்சகம்.

அந்த வஞ்சகத்தால் பயன் பெறுவோர் உளர். வேலை பறிபோகும் நாளில் பல நிறுவனங்களில் தொழிலாளியின் முன் வைக்கப்படுவது, சொந்த விருப்பத்தின் பேரில் விலகுவதாகக் கூறும் ஒரு தாள். அதில் கையொப்பமிட்டபின் ஆட்குறைப்பு நடந்ததாக நிறுவுவது அரிது. ஆட்குறைப்பு என்றால், ஓராண்டேனும் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியமும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் உரியவை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்புகளின்படி நிலுவை ஊதியம் இரண்டு வேலைநாள்களுக்குள் தரப்பட வேண்டும். வேலையிழந்தவர் முதல் நாளில் அறிய வேண்டியவை இவை. மூச்சுப் பயிற்சியை மறுவாரம் தொடங்கலாம்.

அதே தொகுப்புகள் தொழிற்சாலைகள் அரசின் முன்னனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்வதற்கான வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தின என்பதையும் மறைப்பதற்கில்லை. வேலையின்மைக்கான உதவியோ சொற்பம். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டாளருக்கென 2018இல் தொடங்கிய அடல் திட்டம், 2020இல் உயர்த்தப்பட்ட பின்னும் தருவது சராசரி நாளூதியத்தில் பாதி. அதுவும் வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை. மாதம் 21,000 ரூபாய் என்னும் காப்பீட்டு வரம்புக்கு மேல் ஊதியம் பெறுவோரும், காப்பீடே இல்லாத கூலித் தொழிலாளரும் அதற்கு வெளியே நிற்கின்றனர்.

வேலையற்ற நாளுக்கும் ஊதியம் உண்டு என்பதைத் துறைமுகத்தில் ஏற்ற நாடு, ஏனைய தொழிலாளருக்கு அதை மறுப்பதற்குச் சொல்லத்தக்க காரணம் ஏதுமில்லை. அவ்வுரிமை வரும்வரை, வேலை பறிபோனவரைத் தேட வேண்டியவர் தொழிற்சங்கத்தினர். அவருக்குக் கைகொடுக்க வேண்டியவர் இன்னும் வேலையில் இருக்கும் சக தொழிலாளர். அடுத்த வில்லை யாருக்குக் கிடைக்காது என்பது அவர்களுக்கும் தெரியாது.