மாணாக்கர் எழுதும் தமிழ்

நமது பள்ளிக்கூடங்களிலும் கலாசாலைகளிலும் பயிலும் மாணாக்கர்கள் தாய்மொழியைப் பிழையற எழுதுவதில்லை என்ற முறையீடு ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது. முறையீடு நியாயமானதே. ஆனால் அதையொட்டி நடக்கும் விவாதத்தில் இரு கட்சியாரும் தவறு செய்கின்றனர் என்பது நம் அபிப்பிராயம். ஒரு கட்சியார் இலக்கணத்தைப் பாஷைக்குப் பூட்டிய ஆபரணமாகக் கருதி, அது குறைந்தால் அழகு குறைந்ததென்று வருந்துகின்றனர். மற்றொரு கட்சியார் அதைப் பண்டிதர்கள் பூட்டிய விலங்காகக் கருதி, பொருள் விளங்கினால் போதாதா, ஒற்று மிகுந்தால் என்ன, மிகாவிட்டால் என்ன என்று கேட்கின்றனர். பொருள் விளங்கினால் போதும் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். பொருள் விளங்குகிறதா என்பதே கேள்வி.

'வேலை கொடு' என்று எழுதுகிறவன் பிழைப்புக் கேட்கிறான். 'வேலைக் கொடு' என்று எழுதுகிறவன் ஆயுதம் கேட்கிறான். 'கீரைக் கடை' தெருவில் இருப்பது. 'கீரை கடை' என்பது அடுக்களையில் இடும் ஏவல். அறம் வேண்டுமென்று மனு எழுதப் புகுந்தவன் அரம் வேண்டுமென்று எழுதிவிட்டால், அவன் கேட்கக் கருதியது தருமம். எழுத்தில் கேட்டது கொல்லன் பட்டறைக் கருவி. இவற்றைக் கண்டு நகைப்பது எளிது. நகைக்க முடியாத இடங்களும் உண்டு.

'என் தம்பி மகன் இருவரும் என் நன்செய் நிலத்தைச் சமபாகமாக அடையவேண்டியது' என்று ஒருவர் உயில் எழுதியதாக வைத்துக்கொள்வோம். நிலம் தம்பிக்கும் சொந்த மகனுக்குமா, அல்லது தம்பியின் மகன்மார் இருவருக்குமா? எழுதியவர் உயிரோடில்லை, கேட்டறிய வழியில்லை. இரண்டு தலைமுறை கோர்ட்டு வாசலில் நிற்கும். போலீஸாரிடம் கொடுக்கும் ஒரு வாக்குமூலத்தைப் பாருங்கள். 'கண்ணன், முருகனை அடித்துவிட்டு ஓடியவனைப் பிடித்தான்' என்றால் கண்ணன் உபகாரி. 'கண்ணன் முருகனை அடித்துவிட்டு, ஓடியவனைப் பிடித்தான்' என்றால் அடித்தவன் கண்ணனே. சொற்கள் ஒன்றே, வரிசையும் ஒன்றே. சாட்சியாக வரவேண்டியவனை ஒரு காற்புள்ளி எதிரியாக்கி விட்டது.

நிறுத்தற் குறிகள் அந்நியச் சரக்கு, தமிழுக்கு அவை எதற்கு என்பாரும் உளர். ஏட்டுச் சுவடிகளில் அவை இல்லை என்பது மெய்யே. ஓலையில் மெய்யெழுத்துக்குரிய புள்ளிகூடப் பெரும்பாலும் இடப்படுவதில்லை. பழைய நூல்களைச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அறிஞர்கள் ஒவ்வொரு வரியிலும் பட்ட பாட்டைத் தமிழுலகம் அறியும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேற்றுமை காட்டும் முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வகுத்தார். அடுத்த நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) தம் வசன நூல்களில் நிறுத்தற் குறிகளை ஒழுங்குபெற ஆண்டு வழிகாட்டினார். மரபில் அவருக்கு இருந்த பற்றைச் சந்தேகிப்பார் யாருமில்லை. படிப்பவன் இடறக்கூடாது என்பதற்காக அவர் கைக்கொண்டதை நாம் அந்நியமென்று ஒதுக்குவது பொருந்தாது.

எனினும் குறிகளை வாரி இறைப்பதும் தவறே. இங்கிலீஷில் காற்புள்ளி செய்யும் வேலையிற் பாதியைத் தமிழில் உருபுகளும் இடைச்சொற்களும் செய்துவிடுகின்றன. மேற்சொன்ன உயிலில் 'தம்பிக்கும் மகனுக்கும்' என்று இரண்டு 'உம்' இட்டிருந்தால் காற்புள்ளியும் வேண்டாம்; வழக்கும் இராது. 'நேற்று வந்த தலைவரின் கடிதம்' என்றால் நேற்று வந்தது தலைவரா, கடிதமா என்ற ஐயம் எழும். 'தலைவரிடமிருந்து நேற்று வந்த கடிதம்' என்று சொற்களை மாற்றி வைத்தால் ஐயம் ஒழியும். முதலில் வாக்கியத்தைச் செவ்வையாகக் கட்டவேண்டும். அதன் பிறகே குறியைத் தேடவேண்டும்.

மாணாக்கரின் பிழைகளில் பெரும்பாலானவை சோம்பலால் வருவன அல்ல, செவியால் வருவன. பேச்சில் 'மாடுகள் வந்தது' என்றே யாவரும் சொல்லுகிறோம். ஆகையால் பையனும் 'விலைகள் உயர்ந்தது' என்று எழுதுகிறான். ரகர றகரங்களைப் பேச்சில் வேறுபடுத்துவோர் அரியர். ழகரமோ பலர் நாவில் ளகரமாகிவிட்டது. செவி தராத வேற்றுமையைக் கண்ணால் கற்கவேண்டியிருக்கிறது. அதற்குப் படிப்பு வேண்டும், பயிற்சி வேண்டும். பையனை ஏளனம் செய்வதால் அது வந்துவிடாது.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு ஒரு தலையங்கமா என்று நம் அரசியல் நண்பர்கள் கேட்கலாம். அவர்களுக்கே இதை முக்கியமாகச் சொல்லுகிறோம். 1956-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழ் இந்த ராஜ்யத்தின் ஆட்சி மொழியாயிற்று. ஆயினும் ஹைகோர்ட்டில் இங்கிலீஷே வழங்கவேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 348-ஆம் பிரிவு வகுத்த பொது விதி. ஜனாதிபதியின் முன் சம்மதத்தோடு ராஜ்யத்தின் மொழியை அங்கே அனுமதிக்கவும் அதே பிரிவு இடந்தருகிறது. சென்னை ஹைகோர்ட்டில் தமிழ் வழங்கவேண்டுமென்று 2006-ஆம் வருஷம் நம் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. அந்தக் கோரிக்கை இன்றளவும் ஈடேறவில்லை. அது நம் பிறப்புரிமை. அதில் நமக்கு இரண்டாவது எண்ணமில்லை. ஆனால் சட்டத்துக்குரிய பாஷை என்பது ஒரு வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் பாஷை. அத்தகைய வாக்கியத்தை எழுதும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. சூத்திரங்களுக்கு உரை கண்ட நம் முன்னோர் அதை நிரூபித்திருக்கிறார்கள். அந்த ஆற்றல் நாளைய வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் நீதிபதிக்கும் வரவேண்டுமானால், இன்று பள்ளியில் பெஞ்சியின்மேல் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் அது வந்தாகவேண்டும். அவர்கள் எழுத்தில் ஐயம் மலிந்தால், தமிழ் சட்டத்துக்கு உதவாது என்று சொல்லக் காத்திருப்போருக்கு நாமே சாட்சியம் தயாரித்துக் கொடுத்தவர்களாவோம்.

ஆகவே உபாத்தியாயர்களுக்கு ஒரு விண்ணப்பம். சூத்திரங்களை உருப்போடச் செய்து, சிவப்பு மையால் சுழித்து, மதிப்பெண்ணைக் குறைப்பதோடு நிற்கவேண்டாம். பிழையான வாக்கியத்தைப் பிள்ளைகள் முன் வைத்து, 'இதற்கு எத்தனை பொருள் கொள்ளலாம்?' என்று கேளுங்கள். இரண்டு பொருள் வரக் கண்ட பையன் தானே திருத்துவான். ஒற்று விஷயத்திலும் எல்லா விதிகளையும் ஒரே நாளில் ஊட்டவேண்டாம். ஐ, கு என்னும் உருபுகள் வெளிப்பட நின்றால் பின்வரும் வல்லினம் மிகும். அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின்னும் மிகும். வந்த, படித்த போன்ற பெயரெச்சங்களின் பின் மிகாது. இந்த மூன்றும் கைவந்தால் அன்றாட எழுத்தின் பெரும்பகுதி செம்மைப்பட்டுவிடும்.

மாணாக்கர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுதியதை அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு எங்கே நிற்கிறது, எழுவாய்க்கு ஏற்ற பயனிலை வந்திருக்கிறதா, 'ஒவ்வொரு' என்று தொடங்கிய வாக்கியம் 'மாணவரும்' என்று ஒருமையில் சென்றதா, அல்லது 'மாணவர்களும்' என்று தடம் புரண்டதா என்று பாருங்கள். நீங்கள் அருகில் இல்லாதபோது உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் காகிதம் ஒன்றே.

கடைசியாக, பெரியவர்களும் தப்பமுடியாது. மேடையில் 'தமிழ் வாழ்க' என்று முழங்கிவிட்டு, அதே கூட்டத்துக்கான துண்டுப் பிரசுரத்தில் வரிக்கு ஒரு பிழை விடுகிறோம். பத்திரிகைகளாகிய நாங்களும் குற்றமற்றவர்களல்லர். அவசரத்தில் கோத்த தலைப்புக்களே பல பிள்ளைகளுக்குப் பிழையின் முதற் பாடமாகின்றன. பையன் கொப்பியில் சிவப்பு மை இடுமுன், நாம் அச்சிடுவதில் அதை இடுவோமாக. தன் குறையை மயக்கமின்றி ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொடுக்க வல்ல பிரஜையை எந்தக் கச்சேரியும் எளிதில் ஏய்க்க முடியாது. அத்தகைய பிரஜைகளைத் தயாரிக்கும் இடம் பள்ளிக்கூடமே.