பழைய கருவியில் பாடம் திறக்கவில்லை என்றால் அது பிள்ளையின் பிழை இல்லை

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோருக்கும் எங்களோடு படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டு கிழமையாக வகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் ஒரு மெசேஜ் சுற்றுகிறது. "பவர்பொயிண்ட் பாடத்தை இந்த இலவசத் தளத்தில் ஏற்றுங்கள். மொபி அல்லது பிடிபி என்று தெரிவு செய்யுங்கள். ஒரு நிமிடத்தில் பழைய கருவிகளில் வாசிக்கலாம்." எண்ணம் நல்லதுதான். லண்டனிலும் கட்டாரிலும் இருக்கிற நம்மவர்கள் வீட்டில் சும்மா கிடந்த பழைய கிண்டில்களையும் ஒன்றிரண்டு பாம் கருவிகளையும் சேர்த்து அனுப்பினார்கள். டேட்டா போட வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். தந்தவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தரட்டும். அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. குறை, அந்தக் கருவிகளுக்குள் நாங்கள் போட்டுக் கொடுத்ததில்.

போன கிழமை கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றிலிருந்து ஒரு உம்மா கருவியோடு வந்தார். "சேர், தமிழ்ப் பாடத்தை ஏன் இங்கிலீஷில அனுப்பினீங்க? இவனுக்கு ஒண்டும் விளங்குதில்ல" என்றார். வாங்கிப் பார்த்தோம். அது இங்கிலீஷும் இல்லை, தமிழும் இல்லை. 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகள். அவருடைய மகன் மூன்று நாளாக அதை வாசிக்கப் பார்த்திருக்கிறான். தனக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

அந்த மூன்று நாளுக்கு யார் பதில் சொல்வது? நாங்கள்தான்.

ஏன் அப்படி வந்தது? எங்கள் ஸ்லைட்டுகள் பாமினியில் இருக்கின்றன. பாமினியில் நாம் அடிப்பது உண்மையில் ஆங்கில எழுத்துக்கள். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மாற்றித் தரும் தளம் போர்வையை உருவிப்போட்டு அடியில் இருப்பதை எடுக்கிறது. தளம் பிழை விடவில்லை. நாங்கள் எழுதியதைத்தான் அது காட்டியது. தமிழுக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 1991இல். நமது நாட்டின் எஸ்.எல்.எஸ் 1326 தரம் வந்தது 2008இல். இன்னும் "கை பழகிவிட்டது" என்று பாமினியைப் பிடித்துக்கொண்டிருப்பது எங்கள் சோம்பல். அதற்கு வேறு பெயர் இல்லை.

இனி அந்த ஃபைல் வகைகளைப் பாருங்கள். பிடிபி என்பது 1996இல் வந்த பாம் பைலட் கருவிக்காகச் செய்யப்பட்டது. அதன் திரை 160க்கு 160 புள்ளி. முதல் மொடலின் நினைவகம் 128 கிலோபைட். நாங்கள் அனுப்புகிற ஒரு ஸ்லைட்டில் இருக்கிற பூப் படம் அதைவிடப் பெரிது! மொபியும் அந்தப் பாம் வழியில் வந்த பிள்ளைதான். மொபிபொக்கட் கம்பனி செய்தது, 2005இல் அமேசன் வாங்கியது. கதைப் புத்தகம் போல வரிவரியாக ஓடுகிற எழுத்துக்கு அது பொருந்தும். அம்புக்குறி, பெட்டி, அட்டவணை, ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து வருகிற வசனம் எல்லாவற்றையும் அதற்குள் திணித்தால் சிதறித்தான் போகும். பாம் கருவியில் தமிழ் எழுத்துருவே கிடையாது. கிண்டிலில் தமிழ் நூல் விற்பனை தொடங்கியதே 2016 டிசம்பரில். அதற்கு முந்திய கருவி கொம்பையும் காலையும் சரியாகக் கோர்க்கும் என்று நம்பி ஒரு பிள்ளையின் பாடத்தை அனுப்பலாமா?

அடுத்தது இதைவிடப் பெரிய விசயம். அந்த இலவசத் தளத்தை நடத்துவது யார்? ஏற்றிய ஃபைல் எந்த நாட்டில், எத்தனை நாள் கிடக்கிறது? நாங்களும் ஏற்றினோம், ஒளிக்கவில்லை. ஏற்றி முடித்த பிறகுதான் நினைவு வந்தது, கடைசியில் மறைத்து வைத்த ஒரு ஸ்லைட்டில் வகுப்பின் பெயர்களும் தவணைப் பரீட்சைப் புள்ளிகளும் இருந்தன. பிள்ளைகளின் பெயரும் புள்ளியும் எங்களிடம் தரப்பட்ட அமானத். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் வந்திராவிட்டாலும் அமானத் அமானத்தான்.

சிலர் சொல்வார்கள்: "எங்கள் வகுப்பில் எல்லோரிடமும் நல்ல போன் இருக்கிறது, யாரும் முறையிடவில்லை." முறையிடாத பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று அர்த்தமா? மேலே சொன்ன மகனும் முறையிடவில்லை. இன்னும் சிலர், "நேரம் இல்லை" என்பார்கள். உண்மை. ஆனால் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவசரத்தில் செய்த அதே ஸ்லைட்டுகளைத்தானே இன்றும் அனுப்புகிறோம்? ஆண்டுகள் போய்விட்டன. அவசரம் முடிந்துவிட்டது. சாட்டு மட்டும் முடியவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. பாடத்தை யூனிகோடில் எழுதுங்கள். பழைய பாமினிப் பாடத்தை யூனிகோடுக்கு மாற்றுங்கள். செய்ய வேண்டிய மாற்றம் அந்த ஒன்றுதான். பாட வசனத்தை மட்டும் மாற்றுங்கள், பெயர்ப் பட்டியல் எந்தத் தளத்துக்கும் போகக் கூடாது.

2. கிண்டில் உள்ள பிள்ளைக்கு மொபி வேண்டாம். 2010இல் வந்த கிண்டில் தொடக்கம் பிடிஎஃபை நேரடியாகத் திறக்கும். பவர்பொயிண்டிலேயே பக்க அளவை 9க்கு 12 சென்ரிமீற்றர் என்று வைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, பிடிஎஃபாகச் சேமியுங்கள். எழுத்துரு ஃபைலுக்கு உள்ளேயே போய்விடும், எழுத்து உடையாது. இணையமும் தேவையில்லை.

3. பாம் கருவி கிடைத்த பிள்ளைக்குத் தாளில் கொடுங்கள். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது, மறக்கவில்லை. இன்று கடதாசி இருக்கிறது. நாற்பது ஸ்லைட்டைப் போட்டோகொப்பி எடுக்கச் சொல்லவில்லை. சாரத்தை ஒரு பக்கத்தில் எழுத முடியாவிட்டால் பாடம் எங்களுக்கே விளங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

4. அனுப்ப முன், வகுப்பில் ஆகப் பழைய கருவி வைத்திருக்கிற பிள்ளையின் கையில் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே வாசிக்க முடிந்தால் எல்லோருக்கும் முடியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை போனையோ கருவியையோ வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால், படிக்கிறான் என்று விட்டுவிடாதீர்கள். வாங்கிப் பாருங்கள். எழுத்து குழம்பியிருந்தால் அடுத்த நாளே எங்களிடம் கொண்டு வாருங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் இல்லை.

அந்த மகனுக்குப் பாடத்தைத் திருப்பி எழுதி, அதே கருவியில் திறந்து காட்டினோம். வாசித்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "இது லேசுதானே சேர்" என்றான்.